வீட்டிலேயே பள்ளி, தொட்டிலில் பாப்பா: ஜொகூர்க் குடும்பங்கள் தெரிஞ்சிருக்க வேண்டியது என்ன?

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் அண்ணன், அக்கா. பிறந்து 10 நாளான பாப்பா. விடியும் முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடும் அப்பா. மாசாய், ஸ்கூடாய், கூலாய் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சாதாரணமாக ஒரு வீட்டில் பாப்பா பிறந்தால், மூத்த பிள்ளைகள் காலையில் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு அம்மாவுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். பாப்பா தூங்கும்போது அவரும் கண் அசரலாம். வீட்டுவழிக் கல்வி நடக்கும் வீட்டில் அந்தச் சில மணி நேரம் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், பாடம் சொல்லித் தரும் டீச்சரே பேறுகாலத்தில் இருக்கிறார் என்பதுதான்.

பள்ளி என்பது பாடம் மட்டும் தரும் இடமில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது, தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்கிறது, தமிழ்ப்பள்ளி என்றால் தமிழையும் தருகிறது. பிள்ளை பள்ளியில் இருக்கும்வரை இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோர் இவை ஒவ்வொன்றையும் தாங்களே தேடிப் போக வேண்டும். கைக்குழந்தை வந்த பிறகு தேடுவது ரொம்ப சிரமம். அதனால் பிறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதல்ல, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலே இருக்கலாமா?

நினைத்தவுடன் நிறுத்திவிட முடியாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002ல் 29ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2003 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். பள்ளி ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதி பிள்ளைக்கு 6 வயது நிரம்பியிருந்தால், அந்த ஆண்டு அவரைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025ல் நாடாளுமன்றம் மீண்டும் சட்டத்தைத் திருத்தி, இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்க ஒப்புதல் தந்தது.

அதே பிரிவு ஒரு வழியையும் விட்டு வைத்திருக்கிறது. ஒரு மாணவருக்கோ ஒரு பிரிவு மாணவர்களுக்கோ கல்வி அமைச்சர் விதிவிலக்கு தரலாம், நிபந்தனைகளும் விதிக்கலாம். வீட்டுவழிக் கல்விக்குச் சட்டத்தில் உள்ள கதவு அதுதான். முதலில் உங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியாச்சு என்பது விதிவிலக்கு கிடைத்தாச்சு என்று ஆகாது. கடிதம் கைக்கு வர வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'ஹோம்ஸ்கூல் சென்டர்' என்ற பெயர்ப்பலகையோடு கடைவீட்டு மாடியில் நடக்கும் மையங்களையும் பலர் வீட்டுவழிக் கல்வி என்றே சொல்கிறார்கள். சட்டத்தின் விளக்கப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாகப் படிக்கும் இடம் பள்ளி. அது பதிவு பெற்றிருக்க வேண்டும். பாப்பா வரப்போகிறது, கொஞ்ச நாளைக்குப் பெரியவனை அங்கே விடலாம் என்று நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு?

ஜொகூரில் இந்தக் கேள்விக்கான பதில், அப்பா பாலத்தின் எந்தப் பக்கம் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

மலேசியாவில் வேலை என்றால் விஷயம் தெளிவு. திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1ல் நடப்புக்கு வந்தது. தனியார் துறையில் அம்மாவுக்கான மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அப்பாவுக்கு முதல் முறையாகச் சட்டப்படி சம்பளத்துடன் 7 நாள் விடுப்பு கிடைத்தது. 7 நாளும் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். அவர் திருமணமானவராக இருக்க வேண்டும், அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 5 பிரசவம் வரை இந்த விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்பே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். அது முடியாமல் போனால் குழந்தை பிறந்தவுடன் கூடிய சீக்கிரம் சொல்லணும்.

சிங்கப்பூரில் வேலை என்றால் கதை வேறு. அங்கே 2025 ஏப்ரல் முதல் அப்பாக்களுக்கு 4 வாரம் விடுப்பு கட்டாயம் என்ற செய்தியைப் பார்த்து இங்கே பலர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அது பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் மட்டும். அப்பா, அம்மா இருவரும் மலேசியர்கள், பாப்பாவும் மலேசியர் என்றால், அங்கே வேலை செய்யும் அப்பாவுக்குச் சட்டம் தரும் தந்தைமை விடுப்பு ஒரு நாள்கூட இல்லை. 7 வயதுக்குக் கீழ் பிள்ளை இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 3 மாதம் வேலை செய்திருந்தால் அதைக் கேட்கலாம். மற்றபடி ஆண்டு விடுமுறையைச் சேர்த்து வைப்பதும் முதலாளியின் மனசும்தான். சில நிறுவனங்கள் தாங்களாகவே சில நாள் தருகின்றன. வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அங்கே வேலை செய்யும் அம்மாவுக்கும் இதே மாதிரி ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாப்பா சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் 16 வாரம். இல்லையென்றால் 12 வாரம், அதில் முதலாளி சம்பளம் தர வேண்டியது 8 வாரத்திற்கு. அதுவும் ஏற்கெனவே 2 பிள்ளைகள் இருந்து இது மூன்றாவது என்றால், அந்த 8 வாரச் சம்பளத்தையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

அப்பா அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, குடிநுழைவு வரிசையில் நின்று, இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார நாள்களில் அம்மாவுக்கு உதவ இன்னொரு பெரியவர் வீட்டில் இல்லை. வீட்டுவழிக் கல்வியும் பேறுகாலமும் ஒன்றாக வரும்போது குடும்பத்தை வதைப்பது பாடத்திட்டம் அல்ல, இதுதான். என்னைக் கேட்டால், அப்பாவின் லீவை பிரசவ நாளிலேயே முழுதாகச் செலவழிக்காமல், ஊரிலிருந்து வந்த பாட்டி திரும்பிப் போகும் வாரத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கோ சனியும் ஞாயிறும். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அப்பாவும் நாள் முழுக்கச் சேர்ந்திருக்க சனி ஒன்றுதான் மிஞ்சியது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை, அட்டவணையை அப்பாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காக வீட்டுவழிக் கல்வியை யோசித்தவர்கள் மறுபடி யோசிக்கலாம்.

பத்தியமும் பாடமும்

மலாய்க்காரர்களுக்கு 44 நாள் பந்தாங், சீனர்களுக்கு ஒரு மாதம், நம்ம வீடுகளில் 30 நாள் அல்லது 40 நாள். கணக்கு வேறுபட்டாலும் எண்ணம் ஒன்றுதான்: பிள்ளை பெற்றவளை வேலை செய்ய விடாதே. ஜொகூரில் இவை மூன்றும் கலந்து கிடக்கின்றன. பூண்டுக் குழம்பும் சுறா புட்டும் தமிழ் வீட்டுச் சமையல். ஆப்பரேஷன் காயம் ஆற ஹாருவான் மீன் சூப்பு வைப்பது மலாய்க்காரர்களிடமிருந்து நமக்கு வந்தது. உடம்பு பிடித்துவிட மலாய் பிடானைக் கூப்பிடும் தமிழ் வீடுகளும் உண்டு. அறுவை சிகிச்சை நடந்திருந்தால் வயிற்றைப் பிடித்துவிட மருத்துவர் சரி சொல்லும்வரை காத்திருக்கணும்.

ஓய்வு என்பது நல்ல யோசனை. ஆனால் ஓய்வு வேறு, படுத்தே கிடப்பது வேறு. பிரசவத்துக்குப் பின் முதல் 6 வாரத்தில் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதல். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் வீட்டுக்குள் மெதுவாக நடக்க வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். 'தண்ணி குடிச்சா வயிறு வெச்சிடும்' என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காமல் விடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தப்போக்கு திடீரென்று அதிகமானாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரசு சுகாதார கிளினிக் தாதிகள் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து அம்மாவையும் பாப்பாவையும் பார்ப்பார்கள். முதல் 10 நாளில் பல முறை வருவார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தாலும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் தகவல் சொல்லுங்கள். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு, உதாரணத்துக்கு ஜொகூர் பாருவிலிருந்து சிகாமட்டுக்குப் போகப் போகிறீர்களா? அதையும் முன்பே சொல்லிவிட்டால் அந்தப் பகுதித் தாதி வருவார். சொல்லாமல் போனால் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார்.

தாதி முதலில் பார்ப்பது மஞ்சள் காமாலையை. பாப்பாவை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்பதை மருத்துவர்கள் இப்போது ஏற்பதில்லை. இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் ஒளிச் சிகிச்சையும்தான் வழி. மலேசியாவில் பிறக்கும் பாப்பாக்களுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் அந்துருண்டை பக்கமே பாப்பாவைக் கொண்டுபோகக் கூடாது. அண்ணனின் பழைய சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பாப்பாவுக்குப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு இல்லையா? அந்த அலமாரியில் அந்துருண்டை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். தேனும் சர்க்கரைத் தண்ணியும் நாக்கில் தடவுவதையும் விட்டுவிடணும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் மூத்தவர்களை என்ன செய்வது? பள்ளிப் பிள்ளை என்றால் இந்தக் கேள்வியே வராது. வீட்டில் விட்டுப் போக முடியாது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, தகுந்த மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லை, கூட்டிப் போவதென்றால் புத்தகமும் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும்.

பள்ளியில் போடும் ஊசியை யார் போடுவது?

வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பிறந்தவுடன் பிசிஜி ஊசியும் ஹெப்பாடிட்டிஸ் பி ஊசியும் போடுவார்கள். 2, 3, 5ஆம் மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி, 18ஆம் மாதத்தில் அதன் கூடுதல் ஊசி. தட்டம்மைக்கான ஊசி 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும். இதெல்லாம் கிளினிக்கில் நடப்பது, பாப்பாவின் சுகாதாரப் புத்தகத்தில் தேதி போட்டுத் தருவார்கள்.

7 வயதுக்குப் பிறகு ஊசி போடும் இடம் மாறுகிறது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டிப்தீரியா-டெட்டனஸ் கூடுதல் ஊசியும் தட்டம்மை-ருபெல்லா ஊசியும், 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசியும், 15 வயதில் டெட்டனஸ் ஊசியும் போட சுகாதாரக் குழு பள்ளிக்கே வரும். பல் பரிசோதனையும் அப்படித்தான். பள்ளிப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் யாரும் தேடி வர மாட்டார்கள். நீங்களே பிள்ளையின் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போய், 'வீட்டில் படிக்கிறான், 7 வயசு ஊசி போடணும்' என்று கேட்க வேண்டும்.

பாப்பா வீட்டில் இருக்கும்போது இது இன்னும் அவசரமாகிறது. 2 மாதம் வரை பாப்பாவுக்குக் கக்குவான் இருமலுக்கு ஊசி கிடையாது, 9 மாதம் வரை தட்டம்மைக்கும் கிடையாது. அதுவரை பாப்பாவுக்கு வேலி, சுற்றி இருப்பவர்கள் போட்டிருக்கும் ஊசிதான். வீட்டில் படிக்கும் பிள்ளை நோயைக் கொண்டுவராது என்று சொல்ல முடியாது. பேரங்காடிக்குப் போகிறான், கோயிலுக்குப் போகிறான், டியூஷன் போகிறான். பிரசவத் தேதிக்கு 2 மாதம் முன்பு மூத்தவர்களின் புத்தகங்களை எடுத்து விட்டுப்போன ஊசிகளைப் போட்டுவிடுங்கள். வயிறு பெருத்த பிறகு கிளினிக் வரிசையில் நிற்பதும் கஷ்டம்தான், ஆனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்பதைவிட மேல்.

சரி, பாடம் என்னாவது?

ஜொகூர்க் குடும்பங்களுக்கு இதில் அனுபவம் இருக்கிறது. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஓராண்டு கழித்து, 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளி நேர அட்டவணையை அப்படியே வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால் நடக்காது என்பதை அப்போது பெற்றோர் பலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

முதல் 6 வாரத்துக்கு ஒரு நாளில் 3 விஷயம் போதும்: கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் எழுத்து. புதிய பாடம் எதையும் தொடங்காமல் பழையதைத் திருப்பிப் பார்ப்பது இந்த நாள்களுக்குப் பொருந்தும். பாப்பாவின் எடையை வரைபடமாக வரைவது, பால் குடித்த நேரத்தைக் குறித்து இடைவெளி கணக்கிடுவது என்று வீட்டில் நடப்பதே கணக்குப் பாடமாகலாம். ஆனால் 9 வயது அக்காவை இன்னொரு அம்மாவாக மாற்றிவிடக் கூடாது. துணி மடிக்கலாம், டயப்பர் எடுத்துத் தரலாம். நாள் பூராவும் தொட்டில் ஆட்டுவது அவள் வேலை இல்லை. வீட்டில் இருக்கும் பெண் பிள்ளை மேல் இந்தப் பாரம் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

முழுசாக விட்டுவிடவும் முடியாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ல் ரத்தானது, பிடி3 தேர்வு 2022ல். பிள்ளை எங்கே நிற்கிறான் என்று வெளியிலிருந்து சொல்ல அந்த இரண்டு தேர்வுகளும் இப்போது இல்லை. 2 மாத இடைவெளி 6 மாதமாக நீண்டால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பாப்பா பிறப்பதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், பிறகு அங்கிருந்து தொடரலாம்.

வீட்டில் படித்தவர்கள் எஸ்.பி.எம். தேர்வைத் தனியாகப் பதிந்து எழுதலாம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஆங்கிலவழி ஐ.ஜி.சி.எஸ்.இ. பக்கம் போகும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னால் அரசு வேலைக்குப் போக நினைத்தால் எஸ்.பி.எம். மலாய்மொழி கேட்பார்கள்.

தமிழையும் மறந்துவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தானாக வராது, பேச்சு மட்டும் வரும். பேறுகாலத்துக்கு வந்து தங்கும் பாட்டி இதற்கு நல்ல வாய்ப்பு. பாட்டி சொல்லும் பத்திய சமையல் குறிப்புகளைப் பேரன் தமிழில் எழுதி வைக்கட்டும், எழுத்துப் பயிற்சியும் ஆச்சு, மருந்துக் குழம்பின் அளவும் தொலையாது. பிற்காலத்தில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் எடுக்கலாம்.

அம்மாவுக்கு மனசு சரியில்லை என்றால்?

பிரசவம் முடிந்த சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பாப்பா தூங்கும்போதுகூடத் தூக்கம் வராவிட்டால், பிள்ளைகள் மேல் வெறுப்பு வந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. நாள் முழுக்க இன்னொரு பெரியவரோடு பேசாமல் இருக்கும் அம்மாவிடம் இதை முதலில் கவனிக்கக் கூடியவர், ராத்திரி வீடு திரும்பும் கணவர்தான். 'பிள்ளைங்க படிச்சாங்களா?' என்று கேட்பதற்கு முன் 'நீ சாப்பிட்டியா, தூங்குனியா?' என்று கேட்கலாம். வீட்டுக்கு வரும் தாதியிடமும் சொல்லலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை. வீட்டில் அடிதடி, கொடுமை என்றால் தாலியான் காசே எண் 15999.

அந்த நிலையில் வீட்டுவழிக் கல்வியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் ஒரு வழி. அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். சில குடும்பங்கள் ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பிக்கின்றன, சில குடும்பங்களுக்குப் பள்ளியே பிடித்துப்போகிறது.

பிறப்புப் பதிவு

இது எளிது, ஆனால் தூக்கமில்லாத நாள்களில் மறந்துபோகும். தீபகற்ப மலேசியாவில் பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். அதற்குள் பதிந்தால் இலவசம், தாண்டினால் தாமதப் பதிவு, கட்டணமும் கூடுதல் விசாரணையும் உண்டு. 30ஆம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைத்த கையோடு அடுத்த வாரமே போய்விடுவது வசதி. போகும் முன் பெயரின் மலாய், ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முகப்பில் நின்று 'டபிள்யூவா, வியா' என்று அப்பாவும் அம்மாவும் விவாதிக்கும் காட்சி அங்கே அடிக்கடி நடக்கும்.